சிவகளை நெல் மயாமிக்குப் போன கதை

கொஞ்சம் நெல், அதோடு ஒட்டிக் கிடந்த கொஞ்சம் மண். வீட்டு முற்றத்தில் சிந்திக் கிடந்தால் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டித் தள்ளிவிடுவோம். ஆனால் இது கிடந்தது தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், பரம்புக்கு அடியில் புதைந்திருந்த ஒரு முதுமக்கள் தாழிக்குள். அங்கிருந்து வெளியே வந்து, கடல் தாண்டி அமெரிக்காவில் மயாமி நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போய், கி.மு. 1155 என்று ஓர் எண்ணாக மாறி, 2021 செப்டம்பர் 9 அன்று சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 110ஆவது விதியின் கீழ் படித்த அறிக்கையில் அந்த எண் இருந்தது. பொருநை ஆற்றங்கரை நாகரிகத்துக்கு வயது 3,200 என்ற செய்தி அன்றைக்கே ஊரெல்லாம் பரவிவிட்டது.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: திருநெல்வேலியில் 15 கோடி ரூபாயில் ஒரு பொருநை அருங்காட்சியகம். அதற்கு ஒதுக்கிய இடம் ரெட்டியார்பட்டியில், மலையை ஒட்டி, 13 ஏக்கர். மேலப்பாளையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆற்றின் கடைப்பகுதியில் ஒரு தாழிக்குள் போன நெல்லின் கதை, உலகத்தைச் சுற்றிவிட்டு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தறி, பீடி, செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. நெல்லை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஊரை உரசிக்கொண்டு பாளையங்கால் என்கிற கால்வாய் ஓடுகிறது. அந்தக் காலில் தண்ணீர் திறக்கிற தேதியைப் பார்த்துத்தான் இந்தப் பக்கத்துச் சம்சாரி தலைமுறை தலைமுறையாக விதைநெல்லை ஊறப்போட்டான். அதனால் தாழியிலிருந்து வந்த நெல்லைப் பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

பொருநை என்கிற தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிறவரை சுமார் 125 கிலோமீட்டர்தான். நீளத்தை மட்டும் பார்த்தால் காவிரிக்காரன் இதை ஆறு என்றே ஒத்துக்கொள்ளமாட்டான். ஆனால் இதற்கு ஒரு கொடுப்பினை உண்டு. தென்மேற்குப் பருவமழையும் மலையில் கொட்டும், வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். அதனால்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். ஆனியில் தொடங்கிப் புரட்டாசிவாக்கில் அறுத்தால் கார்; ஐப்பசியில் தொடங்கி மாசியில் அறுத்தால் பிசானம்.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழே வரிசை. அவற்றிலிருந்து பிரிவது 11 கால்வாய்கள், பாய்வது 86,107 ஏக்கர். பழவூரில் பிரிகிற பாளையங்கால் மேலச்செவல், தருவை, முன்னீர்பள்ளம் பக்கமாக வந்து மேலப்பாளையத்தைத் தொட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போகிறது. எட்டில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அவர்களுக்கு முன்னாலேயே இருந்தவை. ஸ்ரீவைகுண்டத்து வடகால் தண்ணீர்தான் இன்று சிவகளைக் குளத்துக்குப் போகிறது.

இதையெல்லாம் சொன்னதற்குக் காரணம், இவற்றில் ஒன்றுகூட அந்தத் தாழி நெல்லுக்குக் கிடைத்திருக்காது என்பதுதான். நெல் என்றதும் மடை, வாய்க்கால், குளம், நாற்றங்கால் என்று நம் கண்முன்னே ஒரு படம் விரிந்துவிடுகிறது. அந்தப் படத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் கி.மு. 1155இல் மாட்டிவிடுகிறோம். நெல்லுக்கு அணைக்கட்டுதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளம் வடிந்த தாழ்வில் விதைத்தாலும் வரும். இன்றைக்கும் ராமநாதபுரம் பக்கம் மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறார்கள். சிவகளையின் முதல் சம்சாரிகள் ஆற்றைத் திருப்பியவர்களா, ஆறு விட்டுப்போன ஈரத்தில் விதைத்தவர்களா என்ற கேள்விக்குப் பிறகு வருவோம்.

நெல் இந்த மண்ணின் மூத்த பயிரும் கிடையாது. தென்னிந்தியாவின் புதிய கற்கால மக்கள் மாடு மேய்த்தார்கள். சிறுதானியமும் கொள்ளும் பயறும் விதைத்தார்கள். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் தோண்டியபோது கொள்ளும் பாசிப்பயறும் கருகிய நிலையில் கிடைத்தன. நெல்லின் பிறந்த வீடு சீனாவின் யாங்சி ஆற்றங்கரை. கங்கைச் சமவெளியிலும் அதற்கு நெடிய வரலாறு உண்டு. அங்கிருந்து தெற்கே இறங்கி வர அதற்கு வெகுகாலம் பிடித்தது. சிறுதானியங்கள் நம் பக்கம் நெல்லுக்கு ஏழைத் தம்பிகளாக நடத்தப்படுகின்றன. வந்த வரிசையைப் பார்த்தால் நெல்தான் பிந்தி வந்து பந்தியில் முதல் இலையைப் பிடித்த விருந்தாளி.

அப்படிப் பிந்தி வந்த தானியத்தை ஒருவர் இறந்தபோது தாழிக்குள் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பசித்த ஊரில் நெல்லை யாரும் மண்ணுக்குக் கொடுக்கமாட்டார்கள். போட்டது கொஞ்சமாகவே இருக்கட்டும், அடுத்த விதைப்புக்கும் அதுவரை சாப்பாட்டுக்கும் போக மிச்சம் இருந்தது என்று அது சொல்கிறது. தாழியைப் பாருங்கள், அதுவும் இதையே சொல்லும். ஆள் உயரத்தில் பாதிக்கு நிற்கிற பானை. அடி குவிந்து, வாய் அகன்று, ஒருவருடைய எலும்புகளும் அவருக்கு வேண்டிய கலயங்களும் உள்ளே அடங்குகிற அளவு. அந்தப் பருமனில் விரிசல் விடாமல் சுட்டெடுப்பதற்குக் கைதேர்ந்த குயவர் வேண்டும். பக்கத்தில் வைக்க இரும்புக் கத்தியும் அம்பு முனையும் அடித்துத்தர ஒரு கொல்லர் வேண்டும். அந்த இரண்டு பேரும் வயலில் இறங்காமல் சாப்பிட வேண்டுமானால், வயலில் இறங்குகிறவர்கள் தங்கள் வயிற்றுக்கு மேல் விளைவித்திருக்க வேண்டும். சிவகளையில் மூன்று பருவமாக நடந்த அகழாய்வில் 160 தாழிகளும் 85க்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்களும் கிடைத்தன. இவ்வளவையும் தாங்குகிற ஊர் நாலு குடிசைகளாக இருந்திருக்காது.

புதைத்த இடத்தைப் பார்த்தாலும் உழவனின் புத்தி தெரியும். சிவகளையில் தாழிகள் கிடைத்தது பரம்பில். சரளை மண், மேடு, ஏர் இறங்காத தரை. இதே ஆற்றங்கரையில் இருக்கிற ஆதிச்சநல்லூரிலும் அதே கதைதான். 114 ஏக்கர் மேடு முழுக்க இறந்தவர்களுக்கு, அதைச் சுற்றித் தாழ்ந்து கிடக்கிற நல்ல நிலம் இருக்கிறவர்களுக்கு. தாத்தாவுக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் நஞ்சையில் ஒரு அடி அவருக்குக் கொடுக்கவில்லை. மக்கள் குடியிருந்த மேடுகளை இந்தப் பக்கம் திரடு என்பார்கள். பரம்பு தனி, திரடு தனி, வயல் தனி. ஒரு கிராமத்தின் வரைபடம் அப்போதே போட்டாகிவிட்டது.

இந்தப் பரம்புகளில் தானியம் கிடைப்பது புதுச் செய்தி இல்லை. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்கிற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டிப் பானைகளையும் இரும்பையும் மண்டை ஓடுகளையும் கப்பலேற்றினார். தாமிரபரணிக் கரையின் தொல்பொருள்கள் அப்போதே வெளிநாடு போய்விட்டன. அவருக்குப் பின்னால் 1899இல் அலெக்சாண்டர் ரீ வந்தார். சென்னை மாகாணத் தொல்லியல் துறையைச் சேர்ந்தவர். சில ஆண்டுகள் தொடர்ந்து தோண்டினார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், எருமையும் சேவலும் நிற்கிற வெண்கல மூடிகள், நூற்றுக்கணக்கான இரும்புக் கருவிகள் என்று அவர் எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1915இல் அவருடைய பட்டியல் அச்சாகி வந்தது. தாழிக்குள் இருந்த சிறு பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததையும் அவர் குறித்து வைத்தார்.

பொன் பட்டத்தைப் பார்க்க இன்றைக்கும் எழும்பூருக்கு ஆள் போகிறது. உமியைப் பற்றிய குறிப்பைப் பெரிதாக யாரும் எடுத்துப் பேசவில்லை. ரீயைக் குற்றம் சொல்லவும் முடியாது. உமியை வைத்து வயது சொல்லலாம் என்பது அவர் காலத்தில் உலகத்தில் எங்கேயும் கிடையாத வித்தை. வில்லார்ட் லிப்பி கதிரியக்கக் கார்பன் முறையை நடத்திக் காட்டியது 1949இல். அதற்கு அவர் நோபல் பரிசு வாங்கியது 1960இல். ரீ கையில் எடுத்த உமி அரை நூற்றாண்டு முந்திக்கொண்டு மண்ணை விட்டு வெளியே வந்துவிட்டது.

வித்தை வந்த பிறகும் நாம் ஒன்றும் ஓடிப்போய்ச் செய்துவிடவில்லை. இந்தியத் தொல்லியல் துறை 2004-05இல் ஆதிச்சநல்லூரில் மறுபடி தோண்டி 169 தாழிகளை எடுத்தது. அங்கே கிடைத்த மாதிரிகள் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று வெளியே தெரிந்தது 2019இல், அதுவும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்ததால். ஏறத்தாழ 3,000 வருஷம் மண்ணுக்குள் பொறுமையாக இருந்த பொருள், மேலே வந்து பெட்டிக்குள் இன்னொரு 14 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிவகளை அதற்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே ஓடுகளும் தாழி விளிம்புகளும் தரையிலேயே தலைகாட்டுவதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2020 மே மாதம் அங்கே முதல் குழியைப் போட்டது. ஊரடங்கு காலம், முகக்கவசம் கட்டிக்கொண்டு வேலை. குழி வெட்டுவது என்றால் மண்வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். மேல்மண் போகிறவரைதான் மண்வெட்டி. தாழியின் விளிம்பு வட்டமாகத் தெரிந்ததும் சிறு கரண்டிக்கு மாறுவார்கள், பிறகு தூரிகைக்கு. மூடி சரியாமல் இருந்த தாழி என்றால் அதற்குத் தனிக் கவனம். மேல்மண் உள்ளே கலக்காமல் இருந்தால்தானே உள்ளே இருப்பதற்கு மதிப்பு.

நெல் இத்தனை காலம் எப்படி மக்காமல் இருக்கும் என்று கேட்பார்கள். கருகிப்போன தானியத்தைப் பூச்சியும் பூஞ்சையும் தொடுவதில்லை. உமிக்கோ பிறவியிலேயே ஒரு கவசம் உண்டு. உமியை எரித்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனதோ அதேதான். அதனால்தான் உமி மாட்டுக்கும் உதவாது, சீக்கிரம் மக்கவும் மக்காது. காய்ந்த பரம்பும் மூடிய தாழியும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன.

இனி மயாமி. பீட்டா அனலிட்டிக் என்கிற அந்த ஆய்வுக்கூடம் உலகம் முழுக்கத் தொல்லியல்காரர்கள் மாதிரி அனுப்புகிற இடம். மாதிரியை எடுக்கும்போதே கெடுபிடி. கைவிரல் எண்ணெய், புதிய வேர்த்துணுக்கு, பழந்துணியின் பஞ்சு, எதுவும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்றைய கார்பன் போய் அன்றைய கணக்கைக் கெடுத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை குளிப்பாட்டுவது. அமிலத்தில் ஒரு கழுவல், காரத்தில் ஒரு கழுவல், திரும்ப அமிலத்தில். சுண்ணாம்புச் சத்தும் மண்ணிலிருந்து ஊறிய கரிமமும் இதில் போய்விடும். பிறகு எரிப்பார்கள். எரிந்து வருகிற கரியமில வாயுவைப் பிடித்து, அதைக் கிராஃபைட் என்கிற சுத்தக் கரியாக மாற்றி, ஒரு ஊசித்தலை அளவுக்கு அழுத்தி, முடுக்கிப் பொறிக்குள் வைத்து அணுக்களை எண்ணுவார்கள்.

என்ன எண்ணுகிறார்கள்? நெற்பயிர் உயிரோடு நிற்கும்வரை காற்றிலிருந்து கார்பனை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கார்பனில் லட்சம் கோடியில் ஒன்று என்கிற அளவில் கார்பன்-14 என்ற நிலையில்லாத வகை கலந்திருக்கும். கதிரை அறுத்த நாளோடு இழுப்பது நின்றுபோகும். அன்று தொடங்கி அந்த வகை மட்டும் தேய்ந்துகொண்டே வரும். 5,730 வருஷத்தில் பாதியாகும். சிவகளை நெல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்க வேண்டும். மிச்சத்தை எண்ணினால் அறுத்த காலம் தெரிந்துவிடும்.

இதில் எனக்கு மனதைத் தைப்பது ஒன்று. வயதைச் சொல்வதற்காக எரித்த பகுதி திரும்பி வராது. மயாமிக்குப் போனது நெல். வந்தது ஒரு தாள். சட்டமன்றத்தில் பேசப்பட்டதும், அருங்காட்சியகச் சுவரில் எழுதப்படுவதும் இனி உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு நெல்லின் வயது.

அந்தத் தாளில் இருக்கிற எண்ணையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கி.மு. 1155ஆம் வருஷம் தை மாதம் இன்ன தேதியில் அறுத்த நெல் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். காற்றில் இருக்கிற கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. மர வளையங்களை வைத்துப் போட்டிருக்கிற ஒரு திருத்தக் கோட்டோடு ஒப்பிட்டு, இந்த வருஷத்திலிருந்து அந்த வருஷத்துக்குள் என்று ஓர் இடைவெளியாகத்தான் ஆய்வுக்கூடம் பதில் தரும். அந்த இடைவெளிக்கு நடுவில் நிற்கிற எண்ணைத்தான் நாம் சுருக்கமாக எடுத்துச் சொல்கிறோம்.

அதைவிடப் பெரிய அவசரம் இன்னொன்று. 1155 என்பது அந்த நெல்லின் காலம். அதை நாகரிகத்தின் வயது என்று அறிவிப்பது, பேரனின் பிறப்புச் சான்றிதழை வைத்துக் குடும்பத்தின் வயதைச் சொல்வதுபோல. அந்த நெல்லுக்கு முன்னால் எத்தனை கார், எத்தனை பிசானம் அறுத்திருப்பார்கள்? பழையது என்று நிறுவுகிற ஆசையில் நாமே கணக்கைக் குறைத்துச் சொல்கிறோம் என்பதுதான் வேடிக்கை.

இந்த எண்ணுக்கு இருக்கிற உண்மையான பெருமை வேறு. நெல் ஒரு பருவத்துப் பயிர். நாலைந்து மாதத்தில் முளைத்து, கதிர் வாங்கி, அறுபட்டு முடிந்துவிடும். அதன் கார்பன் முழுக்க அந்த நாலைந்து மாதத்துக் காற்று. மரக்கரி அப்படி இல்லை. 200 வருஷ மருத மரத்தை வெட்டி எரித்தால், நடுக்கட்டையின் கரி, எரித்த நாளைவிட 200 வருஷம் முந்தைய தேதியைக் காட்டும். பழைய உத்தரத்தை எடுத்து அடுப்பில் வைத்திருந்தால் இன்னும் மோசம். அதனால் தானியத்தின் தேதி என்றால் ஆய்வாளர்களுக்குத் தனிப் பிரியம். சிவகளைக்காரர்களின் ஓர் அறுவடையை அது தொட்டுக் காட்டுகிறது. மன்னர் பெயர் இல்லை, கல்வெட்டு இல்லை. யாரோ சிலர் இறங்கி அறுத்த ஒரே ஒரு பூ.

2025 ஜனவரியில் தொல்லியல் ஆய்வாளர்கள் கா. ராஜனும் ர. சிவானந்தமும் எழுதிய 'இரும்பின் தொன்மை' அறிக்கை வந்ததும் நம் நெல் பழைய செய்தியாகிவிட்டது. சிவகளைத் தாழிகளோடு கிடைத்த மரக்கரியையும் பானை ஓடுகளையும் மயாமி, அகமதாபாத், லக்னோ என்று மூன்று இடங்களுக்கு அனுப்பிப் பார்த்ததில், இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்றார்கள். உலகம் முழுக்கப் பேச்சு. அதே ஊர், அதே பரம்பு. நெல்லைவிட 2,000 வருஷத்துக்கும் மேல் மூத்த இரும்பு. ஆய்வாளர்கள் அதைப் பற்றி வாதாடட்டும், வாதாடத்தான் வேண்டும். ஒரே ஒரு விஷயம்: எண்ணில் பெரியதுதான் செய்தியில் பெரியது என்கிற பழக்கம் நல்லதில்லை. 1155க்கு மரக்கரியின் சந்தேகம் கிடையாது.

நெல் தனியாள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழனிப் பக்கம் பொருந்தலில் 2009இல் கா. ராஜன் ஓர் ஈமச்சின்னத்தைத் திறந்தார். உள்ளே நாலு கால் வைத்த ஒரு சாடி, அதில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அதுவும் இதே மயாமிக்குப் போய் கி.மு. 490 என்று பதில் வாங்கி வந்தது. இறந்தவருக்கு நெல் கொடுக்கிற வழக்கம் ஒரு தாழியின் தற்செயல் என்று சொல்லிவிட முடியாதபடி ஆதிச்சநல்லூர் உமியும் பொருந்தல் சாடியும் சிவகளைத் தாழியும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஒரு காலத்தில் கடல்துறையாக இருந்த கொற்கையில் 1968-69இல் தோண்டியபோது கிடைத்த கரிக்கு கி.மு. 785 என்று மும்பையில் கணக்கிட்டிருந்தார்கள். சந்தையும் முத்துமாக அந்தத் துறைமுகம் எழுந்து நின்றபோது, மேலே சிவகளையில் அறுவடை பழைய சமாசாரம்.

இன்றைக்கும் நம் வீடுகளில் ஒருவர் போய்ச் சேர்ந்தால் வாய்க்கரிசி உண்டு. அன்றைக்குத் தாழிக்குள் போட்டதற்கும் இதற்கும் நேர்க்கோடு போட நான் துணியமாட்டேன்; நடுவில் எத்தனையோ சமயமும் சடங்கும் வந்து போயிருக்கின்றன. ஆனாலும் நெல் விளைகிற ஊரில் சாவு வீட்டுக்குள் தானியம் வருவது யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத காரியமாகத்தான் இருந்திருக்கும்.

ரெட்டியார்பட்டியில் சிவகளைக்கு ஒரு கட்டடம், ஆதிச்சநல்லூருக்கு ஒன்று, கொற்கைக்கு ஒன்று என்று பிரித்துத் திட்டம் போட்டார்கள். மேலப்பாளையத்துப் பிள்ளைகள் அதைப் போய்ப் பார்க்கிறபோது கொஞ்சம் வேடிக்கையான நிலைமை. 3,200 வருஷத்துக்கு முந்தைய நெல்லைப் பற்றி எழுதியதைப் படிப்பார்கள். தங்கள் தெருவுக்குப் பின்னால் நாற்று நட்டதைப் பார்த்திருக்கமாட்டார்கள். 1994இல் பாளையங்கோட்டையோடு சேர்த்து மேலப்பாளையமும் திருநெல்வேலி மாநகராட்சிக்குள் வந்தது. பாளையங்காலில் இன்று சாக்கடையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வருகின்றன. சந்தைக்கு வருகிற மாட்டில் உழவு மாடு எத்தனை என்று கேட்டால் வியாபாரி சிரிப்பார். அதற்காக ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. தறிக்காரர்களும் பீடித் தொழிலாளிகளும் வியாபாரிகளும் நிறைந்த ஊர் ஊராகத்தான் பெருகும். முன்னீர்பள்ளம், தருவைப் பக்கம் போனால் அம்பை 16 நெல் இன்னும் நிற்கிறது. அது அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம். குட்டை நெல், இட்லிக்குப் பேர்போனது.

முன்னே நிறுத்தி வைத்த கேள்விக்கு வருகிறேன். சிவகளை நெல் தண்ணீர் கட்டிய வயலில் விளைந்ததா, வானம் பார்த்த பூமியிலா? நெல்லைக் கேட்டால் அது சொல்லாது. சொல்லக்கூடியது களை. அறுத்துக் கட்டும்போது கதிரோடு களையின் விதையும் கூடவே வந்துவிடும். எந்த வீட்டு நெல்லையும் சுளகில் போட்டுப் புடைத்தால் தெரியும். தண்ணீர் நிற்கிற வயல் என்றால் கோரை வகையின் விதை கலந்திருக்கும். புழுதியில் விதைத்தது என்றால் புன்செய்க் காட்டுக் களை வேறு மாதிரி இருக்கும். தாவரத் தொல்லியல்காரர்கள் கங்கைக் கரையிலும் சீனத்திலும் இப்படித்தான் நனைந்த வயலையும் காய்ந்த வயலையும் பிரித்துப் பார்க்கிறார்கள். தாழி மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மேலே மிதக்கும். மெல்லிய சல்லடையில் வடித்து உருப்பெருக்கியில் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். கடுகில் பாதிகூட இல்லாத விதைகள், சலிப்பூட்டுகிற வேலை, பத்திரிகையில் தலைப்புச் செய்தியாகாத வேலை.

இந்த ஆற்றங்கரையில் முதல் கால்வாயை வெட்டியது எப்போது என்பதற்குத் துப்பு கிடைக்க வேண்டுமானால் அங்கிருந்துதான் கிடைக்கும். அடுத்த தாழியைத் திறக்கிறவர்கள் நெல்லை மட்டும் பொறுக்கி உறையில் போட்டு மயாமிக்கு அனுப்பிவிட்டு, மிச்ச மண்ணைக் குழி ஓரத்தில் கொட்டிவிடாமல் இருக்க வேண்டும்.